சேவ் அழிவதற்குள் ஒரு நகல்... கம்ப்யூட்டரில் கேம் பாய்!

1999-ல் ஜப்பானில் வெளியான 'போக்கிமான் கோல்டு', 'சில்வர்' கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஒரு சின்ன பொத்தான் பேட்டரி உண்டு. விளையாடியவர் சேர்த்து வைத்த போக்கிமான்கள், வாங்கிய பேட்ஜ்கள் எல்லாம் அதன் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. கடிகாரத்தையும் அதுவே ஓட்டுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால், சேவ் காலி.

கம்ப்யூட்டர் கைகொடுப்பது இங்கேதான். யுஎஸ்பி-யில் இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடர் மூலம் சிப்பில் இருப்பதை அப்படியே நகலெடுத்தால் கிடைப்பது 'ரோம்' ஃபைல். கேம் பாய் 'டெட்ரிஸ்' மொத்தமே 32 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிது!

ஆனால், டபுள் கிளிக் செய்தால் அது திறக்காது. கேம் பாயின் பிராசஸருக்காக எழுதிய கட்டளைகள் கம்ப்யூட்டருக்குப் புரியாதே! நடுவில் கேம் பாய் போலவே வேஷம் கட்டும் ஒரு மென்பொருள் வேண்டும். அதுதான் எமுலேட்டர். ஜிபி, ஜிபிசி, ஜிபிஏ என முடியும் ஃபைல்களுக்கு 'எம்ஜிபிஏ' போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 'ஃபைல்' மெனுவில் ரோமைத் திறந்தால் விளையாட்டு ஆரம்பம். அம்புக்குறி கீகளால் நகரலாம். ஏ, பி பட்டன்களுக்குப் பதில் எக்ஸ், இசட். நின்டெண்டோ டிஎஸ் என்றால் 'மெலன்டிஎஸ்', சோனி பிஎஸ்பி என்றால் 'பிபிஎஸ்எஸ்பிபி'.

ரீடரில் சேவ் ஃபைலையும் தனியாக எடுக்கலாம். ரோமின் பெயரையே அதற்கும் வைத்து, ஒரே ஃபோல்டரில் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு சுவாரஸ்யம். ஒவ்வொரு கேம் பாய் ரோமின் தொடக்கத்திலும் நின்டெண்டோ லோகோ இருக்கும். அது கருவிக்குள் இருக்கும் லோகோவோடு பொருந்தாவிட்டால் விளையாட்டு தொடங்காது. அனுமதியின்றி கார்ட்ரிட்ஜ் தயாரிப்பவர் லோகோவையும் திருடியாக வேண்டும். டிரேட்மார்க் வழக்கில் மாட்டுவார். கில்லாடித்தனமான பூட்டு!

இதெல்லாம் சட்டப்படி சரியா? பிளேஸ்டேஷன் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. அதற்காக எல்லா எமுலேட்டரும் தப்பிவிடாது. ஸ்விட்ச் விளையாட்டுகளை ஓட்டிய 'யூசு'மீது நின்டெண்டோ 2024-ல் வழக்குப் போட, 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். சொந்த கார்ட்ரிட்ஜை நகலெடுப்பது வேறு. முன்பின் தெரியாத தளத்தில் ரோம் இறக்குவது வேறு. அது காப்புரிமை மீறல் மட்டுமல்ல, வைரஸுக்கும் வாசல். 'ரோம்' என்று இறக்கிய ஃபைல் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால், திறக்காமலே அழித்துவிடுங்கள்.

கார்ட்ரிட்ஜில் புது பேட்டரி போட நினைப்பவர்கள் முதலில் சேவை நகலெடுக்க வேண்டும். பழைய பேட்டரியைக் கழற்றினாலே அது அழிந்துவிடும். பேட்டரி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. புதியதைப் பொருத்திய பிறகு, அதே ரீடர் வழியாக சேவ் ஃபைலைக் கார்ட்ரிட்ஜில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.