முடிவு 10 நிமிடத்தில்; பஸ் செலவு யார் தலையில்?

சர்க்கரை நோய் விழித்திரையை அரிக்கும்போது வலிப்பதில்லை. பார்வை மங்குவது தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைப் படமெடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். எடுத்த படத்தைப் பார்க்க ஆள் வேண்டுமே! 2020 வாக்கில், சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகள் இருந்த தாய்லாந்தில் கண் மருத்துவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களில் விழித்திரை நிபுணர்கள் 200 பேர்தான். கிராமத்து சுகாதார நிலையத்தில் நர்ஸ் எடுத்தனுப்பும் படத்துக்கு முடிவு வர 10 வாரம்கூட ஆனது.

கூகுளின் செயற்கை நுண்ணறிவு இதை 10 நிமிடத்துக்குள் சொல்லிவிடும். சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அதன் கணிப்பு கண் மருத்துவர்களுக்குச் சற்றும் சளைத்ததல்ல. அப்புறம் என்ன தயக்கம்?

2018 இறுதியிலிருந்து தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 சுகாதார நிலையங்களில் இது ஓர் ஆய்வாகப் புழக்கத்துக்கு வந்தபோது, கூகுள் ஆய்வாளர்களே நேரில் போய் நர்ஸுகளின் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். தாங்கள் கண்ட குறைகளை 2020இல் மறைக்காமல் எழுதியும் வைத்தார்கள். இந்தத் துறையில் இது அபூர்வம்.

கண் படம் தெளிவாக விழ அறை இருட்டாக இருக்க வேண்டும். அப்படி இருட்டாக்கத் தோதான தனி அறை 11இல் இரண்டு இடங்களில்தான் இருந்தது. மங்கலான படத்தை இயந்திரம் தொடாது. தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல் என்று அதை வடிவமைத்திருந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் வந்த 1,838 படங்களில் 21 சதவீதம் தள்ளுபடி. நர்ஸின் அனுபவக் கண்ணுக்கு நோயில்லை என்று பட்ட படங்களும் அதில் அடிபட்டன. ஓரிடத்தில் இன்டர்நெட் இரண்டு மணி நேரம் போனதால், 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

அப்போதைய விதிமுறைப்படி, படம் தள்ளுபடியானால் நோயாளி தூரத்து மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ லீவு கிடைக்க வேண்டும். இயந்திரத்தின் ஜாக்கிரதைக்கான விலையைக் கொடுப்பவர் நோயாளிதான், கருவி செய்தவர்கள் அல்ல. நாளைக்கும் அதே நோயாளியின் முகத்தில் விழிக்க வேண்டிய நர்ஸுகள் இதைச் சட்டென்று புரிந்துகொண்டார்கள். வீண் அலைச்சல் எதற்கு என்று, இந்த ஆய்வில் சேர வேண்டாம் எனச் சிலர் நோயாளிகளிடம் சொல்லியே விட்டார்கள். அதைத் தொழில்நுட்ப பயம் என்று ஒதுக்குவது அநியாயம்.

பிறகு விதிமுறை மாறியது. தள்ளுபடியான படத்தோடு நோயாளியை அலையவிடாமல், படத்தையும் நோய்க் குறிப்புகளையும் கண் மருத்துவரே பார்த்து முடிவு சொல்ல ஏற்பாடாயிற்று. 2022இல் ‘லான்செட் டிஜிட்டல் ஹெல்த்’ இதழில் வந்த தாய்லாந்து ஆய்வில், பார்வையைப் பறிக்கக்கூடிய பாதிப்பைக் கண்டறிவதில் கருவியின் துல்லியம் 94.7 சதவீதம். அந்த ஆய்விலும் கருவி சொன்னதை விழித்திரை நிபுணர்கள் மறுபடி சரிபார்த்தார்கள்.