எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன, மிஸ்?

திருவொற்றியூரில் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுக்கு அலுவலக மேலாண்மை கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் துறைமுகத்திலும் எண்ணூர், மணலி தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். பிளஸ் டூ முடித்ததும் பிள்ளைகளும் அங்கேதான் வேலை தேடுவார்கள்.

சென்ற ஆண்டு படித்து முடித்த மாணவி ஒருத்தி, நேர்முகத் தேர்வு நேரத்தைக் கேட்க ஒரு நிறுவனத்தை அழைத்திருக்கிறாள். "எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்" என்றது பதிவுக்குரல். "ராங் நம்பர்னு நெனச்சு வச்சிட்டேன் மிஸ்" என்றாள். தேர்வு நாள் கடந்துவிட்டது. அந்தச் சொல்லை வகுப்பில் நடத்தியிருந்தேன். அவளும் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாள். சொல்லைக் கொடுத்த நான் பொருளைக் காட்டவில்லை.

இந்த ஆண்டு பாடத்தைத் துறைமுகத்திலிருந்து தொடங்கினேன். உள்ளே கிடங்குகள் பல. வெளியே செல்லும் வாயில்கள் சில. அலுவலகத் தொலைபேசியும் அப்படித்தான். மேசைதோறும் கருவி இருக்கும். வெளி இணைப்புகள் ஐந்தாறுதான். இரண்டுக்கும் நடுவில் இருந்து இணைத்துவிடுவது தனி இணைப்பகம். அலுவலகங்களில் 'இபிஏபிஎக்ஸ்' என்பார்கள்.

மாணவர் அறிய வேண்டிய சொற்கள்:

எக்ஸ்டென்ஷன்: மேசைக்கு உரிய உள் எண், பெரும்பாலும் 2 முதல் 4 இலக்கம்.

டிரங்க்: வெளியுலகோடு சேர்க்கும் இணைப்பு, நம் உவமையில் வாயில்.

பைலட் எண்: நிறுவனம் விளம்பரத்தில் தரும் ஒரே எண். அந்த இணைப்பில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு அடுத்த காலி இணைப்புக்குத் தாவும். இதுவே ஹன்டிங்.

ஹோல்டு, டிரான்ஸ்ஃபர்: அழைத்தவரைக் காத்திருக்கச் செய்வது ஹோல்டு, வேறு மேசைக்கு மாற்றுவது டிரான்ஸ்ஃபர்.

ஐவிஆர்: "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்னும் பதிவுக்குரல் அமைப்பு.

எத்தனை டிரங்க் தேவை? இங்கே கணக்குப் பாடமும் வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் இதற்கான கணிதத்தை 1909 முதல் வெளியிட்டார். மணிக்கு 30 அழைப்புகள், ஒவ்வொன்றும் 4 நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். அதாவது 2 எர்லாங். அப்படியானால் 2 டிரங்க் போதுமா? போதாது. லாரிகள் முறை வைத்து ஒவ்வொன்றாக வருவதில்லையே! அழைப்புகளும் அப்படித்தான், ஒரே நேரத்தில் நான்கைந்து வரும்.

இனி, உயிர்காக்கும் பகுதி. பல அலுவலகங்களில் வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விடுதி அறை ஒன்றில் காரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அவசர எண் 911ஐ நான்கு முறை அழுத்தினாள். முன்னால் இன்னொரு 9 வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. அழைப்பு போகவில்லை, தாய் இறந்தார். அவசர எண் நேரடியாகவே செல்ல வேண்டும் என்று 2018இல் அங்கே சட்டம் வந்தது.

2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவை எங்கள் மாணவர்கள் மறக்கவில்லை. ஆகவே வீட்டுப்பாடமாக ஒரே கேள்வி கொடுத்தேன்: "உங்கள் பெற்றோர் வேலை செய்யும் இடத்தின் தொலைபேசியில் 108, 112 நேரடியாகப் போகுமா, முன்னால் 0 வேண்டுமா?"

மறுநாள் ஒரு மாணவன் சொன்னான்: "அப்பாவுக்கும் தெரியல மிஸ். இன்னைக்கு டூட்டியில கேட்டுட்டு வர்றேன்னாரு."