கட்டத்துக்குள் ஒரு குரல்

1988இல் ஃபார்வெல், டான்ச்சின் இருவரும் முன்வைத்த எழுத்துப்பலகை எளிமையானது. திரையில் 36 கட்டங்கள். வரிசைகளும் பத்திகளும் மாறி மாறி மின்னும். மனசில் நினைத்த எழுத்து மின்னியதும், சுமார் 300 மில்லிசெகண்டில் மூளையில் ஓர் அலை எழும்; பி300 என்று பெயர். அலை எழுப்பிய வரிசையும் பத்தியும் வெட்டுமிடமே அந்த எழுத்து. அவ்வளவுதான்.

உடம்பு வேண்டாம், கவனம் போதும் என்பது இதன் வாக்குறுதி. 2010இல் வந்த ஆய்வுகள் அதைக் கலைத்தன: கண்ணை நடுவில் நிறுத்தி, கவனத்தை மட்டும் எழுத்தின்மேல் வைத்தால் பிழை பெருகுகிறது. சரி, கண்ணையும் அசைக்க முடியாதவர் என்ன பண்ணுவார்? யாருக்காகப் போட்ட கட்டமோ, அவரையே வெளியே தள்ளுகிறது. எழுத்துகளைத் திரை நடுவில் ஒவ்வொன்றாகக் காட்டும் முறை இதற்கு ஒரு பதில்.

ஆக, கட்டம் போடுவது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரமில்லை. யார் பேசலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிற வேலை.