ஒரு நாள் சபலம். 3 மாதம் தூக்கம் போச்சு!

சென்னை பாரிமுனையில் குமாஸ்தா வேலை பார்க்கும் வாலிபர் அவர். வெளியூர் போன இடத்தில் சபலம், உறை அணியவில்லை. மறுவாரம் காய்ச்சல் அடித்ததும் "எனக்கு எய்ட்ஸ்தான்!" என்று முடிவே கட்டிவிட்டார். பெண் பார்ப்பதையும் தள்ளிப்போட்டார்.

10-ம் நாள் சோதனையில் "இல்லை" என்று வந்தது. நம்பவில்லை. நியாயம்தான்! கிருமி புகுந்தாலும் சோதனையில் தெரியச் சில வாரம் பிடிக்கும்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குக் கூசிக்கொண்டே போனார். சோதனை இலவசம், ரகசியம் காக்க 2017-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

"72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பார்த்திருந்தா, தேவைன்னா 28 நாள் தடுப்பு மாத்திரை தந்திருப்பார் தம்பி. இனி 3 மாசம் முடிஞ்சு வாங்க" என்றார் ஆலோசகர்.

போனார். "இல்லை!"

ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மாவுக்குப் போன் போட்டார்: "ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போலாம்மா."