நீறு பூத்த நெருப்பு

உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பகையை நீறு பூத்த நெருப்புக்கு ஒப்பிடுவது நம்மவர் வழக்கம். இரவு சாம்பலால் மூடிவைத்த தணலை விடியற்காலையில் கிளறி, இரண்டு சுள்ளிகளை இட்டு ஊதினால் மீண்டும் சுவாலை எழுவதை நம் பாட்டிமார் நன்கு அறிவர். இதே வித்தையை மண்ணும் அறியும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கண்டி நகருக்குத் தெற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2010 ஆம் ஆண்டில் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட மலை அது. வறட்சி மாதங்களில் அங்கே மானாப் புல் பற்றி எரிவதுண்டு. புற்றீ விரைந்து பரவும், விரைந்தே தணியும். ஆனால் பைன் மரங்களின் கீழே தடித்துக் கிடக்கும் சருகுப் படுக்கையிலும், உக்கிய அடிமரங்களிலும், வேர்களிலும் புகுந்த தீயின் கதை வேறு. சுவாலையின்றிப் புகைந்தபடி அது உள்ளே தங்கிவிடும். தீ அணைந்ததென்று எல்லோரும் வீடு திரும்பிய பின்னர், காற்று வீசும் வேளையில் மீண்டும் தலைகாட்டும்.

இலைதழைகள் அரைகுறையாக உக்கி ஆழமாகப் படிந்த சதுப்பு நிலங்களில் இத்தீங்கு பன்மடங்காகும். அப்படிவை முற்றா நிலக்கரி என்பர். ஒரு மீற்றர் படிவதற்கு ஆயிரம் ஆண்டுகள் வரை செல்லும். நம் நாட்டில் கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெல இத்தகைய நிலமே. நீர் நிறைந்திருக்கும் வரை அது தீப்பற்றாது. நீர் வடிந்தால் அதுவே விறகாகிவிடும்.

இத்தீயை அணைப்பது ஏன் இத்துணைக் கடினம்? மண்ணே போர்வையாகி வெப்பத்தைக் காக்கிறது. சிறிதளவு ஒட்சிசன் கிடைத்தாலும் தீக்குப் போதும். உள்ளே வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டும். மேலே ஊற்றும் நீரோ வெடிப்புகளின் வழியே ஒழுகிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த கரிமண் நீரை உறிஞ்சாமல் தள்ளுகிறது. வேர்கள் கருகியதும் நின்ற மரம் திடீரெனச் சாயும். உறுதியாகத் தோன்றும் தரை, கால் வைத்தவுடன் உள்வாங்கும்.

இந்தோனேசியாவின் கலிமந்தான் இதற்குக் கண்கண்ட சான்று. 1996 இல், பத்து இலட்சம் ஹெக்டயர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்க எண்ணி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டத் தொடங்கினார்கள். நெல் செழிக்கவில்லை, நிலம் உலர்ந்தது. மறு ஆண்டு வறட்சியில் மூண்ட தீயின் புகை சிங்கப்பூர், மலேசியா வரை வானை மூடியது. அவ்வாண்டு இந்தோனேசியாவின் சதுப்புத் தீயினால் வெளியேறிய கரியின் அளவு, உலகம் முழுவதும் எரித்த எண்ணெய், நிலக்கரி முதலியவற்றால் வெளியேறிய கரியில் 13 முதல் 40 வீதத்துக்குச் சமம் என அறிஞர் கணித்துள்ளனர். 2015 இல் மீண்டும் பெருந்தீ மூண்டது. அதன் பின்னர், வெட்டிய கால்வாய்களையே அணையிட்டு மறித்து நிலத்தை நனைக்கும் பணி தொடங்கிற்று.

ஆக, இத்தீக்கு மருந்து நீரே. ஆயினும் தீப்பிடித்தபின் மேலே தெளிக்கும் நீரன்று, நிலத்தினுள் முன்னரே நிற்கும் நீர். மூண்டபின் செய்யக்கூடியவை சில உண்டு. எரியாத மண் தென்படும்வரை அகழி வெட்டித் தீயின் வழியை மறிக்கலாம். கனலும் மண்ணைக் கிளறி நீருடன் குழைக்கலாம். இயலுமாயின் நிலத்தையே வெள்ளத்தில் மூழ்கடிக்கலாம். யாவும் நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் செய்யவேண்டியவை.

நம் மகாவலிக்கு ஊற்றாகும் ஹோர்ட்டன் சமவெளியின் ஈரமான கருமண்ணும் நீரைத் தேக்கித் தருவதே. அதனை உலரவிடாது காப்பது கண்டியில் வாழும் நமக்கும் உரிய கடமை. ஹந்தானைக்கு உலாச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: வறட்சி நாளில் தீ மூட்டாதீர்கள். எங்கேனும் மூட்டிய அடுப்பை அணைத்தால், நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றுங்கள். பின்னர் புறங்கையை அருகே கொண்டுசென்று பாருங்கள். சூடு சிறிதும் இல்லையென்று அறிந்த பின்னரே அங்கிருந்து புறப்படுங்கள்.