நாள்பட்ட இடுப்புவலி: ஊசிக்கும் கத்திக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் தொடரும் இடுப்புவலியை, அதாவது கீழ்முதுகு வலியை, மருத்துவம் நாள்பட்ட வலியாகக் கணக்கில் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020இல் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டோர் 61.9 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோருக்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நோய் என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் எதுவும் கிடைப்பதில்லை.

திண்டுக்கல்லை அடுத்து, தாடிக்கொம்புக்கு அருகிலுள்ள அகரத்திலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இந்த வலி வேலையோடு கூடவே வருகிறது. மல்லிகைத் தோட்டத்தில் இருட்டோடு மடியைக் கட்டிக்கொண்டு குனிகிறவர், வெயில் ஏறிய பிறகுதான் நிமிர்கிறார். சின்னாளபட்டித் தறியில் உட்கார்ந்தே பொழுது போகிறது. வெங்காய மண்டியில் மூட்டை, நூற்பாலையில் ஷிப்டு முழுக்க நிற்பது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்ற நிலையில், "ஒரு ஊசி போட்டா கேட்டுரும்" என்பதுதான் முதல் வைத்தியமாகிறது.

ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பெயர் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். அன்றைக்கு வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளை ஆலோசனையின்றி நெடுநாள் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

அடுத்த செலவு ஸ்கேன். "ஜவ்வு விலகியிருக்கிறது" என்று கேட்டதும் குடும்பமே நடுங்கிப்போகிறது. ஆனால் வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு எனப்படும் முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியிருப்பதை 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. படத்தை மட்டும் பார்த்து அறுவைச் சிகிச்சைக்குத் தலையாட்டுவது தவறு.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சித் திட்டம், வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, மசாஜ் முதலிய சில இயன்முறைச் சிகிச்சைகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வலிமருந்து ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. படுத்தே கிடப்பதும் உதவாது. பயிற்சியின் பலன் தெரியச் சில வாரங்களாவது ஆகும்; இதை முதல் நாளே சொல்லாததால்தான் பலர் பாதியில் விட்டுவிட்டு ஊசிக்குத் திரும்புகிறார்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை அவசர நிலை. உடனே 108ஐ அழைக்க வேண்டும். வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், கீழே விழுந்த பின் வலி கண்ட முதியவர்களும் தாமதிக்கக் கூடாது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றிக் காட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு அதன் மருந்தகத்தில் சிகிச்சை பெற உரிமை உண்டு.

எந்த மருத்துவமனையிலும் ஏன் இந்த ஸ்கேன், ஏன் இந்த ஊசி, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அறுவைக்கு முன் இவற்றை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமையே. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால், மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

கட்டணம் வாங்கிய இடத்தில் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரின் நடத்தை குறித்த புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் ஆதாரம் காகிதம்தான். ஆகவே மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சுருக்கம் எதையும் தூக்கி எறியாமல் தேதிவாரியாக ஒரே பையில் வைத்திருங்கள்.