சாலையில் ஓடும் எழுத்துகள் – 9: அவரே படைவீரர்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தன் எண் பலகையில் பொறித்திருந்த முழக்கத்தை ஏந்திச் செல்லுமாறு வண்டிக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்த தீர்ப்பைச் சென்ற வாரக் கட்டுரை விளக்கியது. பலகையில் உள்ள சொல் யாருடைய சொல் என்ற கேள்வி 2015இல் டெக்சஸ் மாநிலம் தொடர்பான வழக்கில் மீண்டும் எழுந்தபோது, சிறப்பு எண் பலகையின் வாசகம் அரசின் கூற்றே என்று அதே நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. சிறப்பு எண் பலகை என்பது, வழக்கமான பலகைக்குப் பதிலாக, ஒரு பிரிவினரையோ நோக்கத்தையோ சிறப்பிக்கும் சொல்லும் சின்னமும் பொறித்து, கூடுதல் கட்டணத்துக்கோ உரிய தகுதிச் சான்றின் பேரிலோ மாநிலப் போக்குவரத்துத் துறை வழங்கும் பலகையாகும். பெண் படைவீரரின் பெயரில் ஒரு பலகை வெளிவரும்போது பேசுவது அரசு என்பதால்தான், அந்தச் சிறு தகடு வரலாற்றில் இடம் பெறுகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் பொதுவான முன்னாள் படைவீரர் பலகையோடு, நம் பெண் முன்னாள் படைவீரர்களைப் போற்றுவோம் என்ற பொருள்படும் வாசகத்தைத் தாங்கிய தனிப் பலகையும் உண்டு. இந்தத் தனிப் பலகையின் தேவையை உணர, அம்மாநிலம் போர்க்களப் பெண்களை எந்தச் சொல்லால் அழைத்தது என்பதை இரண்டரை நூற்றாண்டு பின்னோக்கிச் சென்று காண வேண்டும்.

பென்சில்வேனியாவில் பிறந்த மார்கரெட் கார்பின், 1776 நவம்பரில் நியூயார்க்கின் வாஷிங்டன் கோட்டைப் போரில், பீரங்கி வீரரான கணவர் மாண்டதும் அவருடைய இடத்தில் நின்று சுட்டுப் படுகாயமடைந்தார். 1779இல் பென்சில்வேனியா அவருக்கு 30 டாலர் உதவி அளித்தது. அதே ஆண்டில், அன்றைய தேசியப் பேரவையான கண்டக் காங்கிரஸ், ஒரு படைவீரரின் மாதச் சம்பளத்தில் பாதியை வாழ்நாள் முழுவதும் அவருக்கு வழங்க ஆணையிட்டது. 1778 ஜூனில் மன்மத் போர்க்களத்தில் கொளுத்தும் வெயிலில் வீரர்களுக்குத் தண்ணீர் சுமந்ததோடு பீரங்கிப் பணியிலும் ஈடுபட்டவர் என்று அறியப்படும் கார்லைல் நகரத்து மேரி ஹேஸின் கதை இன்னும் நுட்பமானது. 1822இல் அவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் வழங்கும் சட்ட முன்வரைவு மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அது அவரைப் படைவீரர் ஒருவரின் கைம்பெண் என்றே குறிப்பிட்டிருந்தது. நிறைவேறிய சட்டத்திலோ அந்தச் சொல் நீக்கப்பட்டு, அவர் ஆற்றிய பணிக்காக என்ற தொடர் இடம்பெற்றது. தொகை மாறவில்லை, ஆனால் பிறருடைய பணியின் நிழலில் வந்த உதவி, அந்தத் திருத்தத்தால் தாமே ஈட்டிய உரிமையாயிற்று.

அந்தத் திருத்தத்தை நாடு முழுதும் ஏற்க நெடுங்காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் சீருடை அணிந்தபோதிலும், முப்படைகளில் நிரந்தர இடம் அளிக்கும் சட்டம் 1948 ஜூன் 12இல்தான் கையெழுத்தானது. அதுவும் மொத்தப் படையில் 2 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் இருக்கலாகாது என்ற வரம்போடு வந்தது, அவ்வரம்பு 1967இல்தான் நீங்கியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 1959 முதல் கைக்கொண்ட குறிக்கோள் வாசகமோ, லிங்கனின் உரையிலிருந்து எடுக்கப்பட்டதாதலால், போரைத் தாங்கிய ஆணையும் அவருடைய கைம்பெண்ணையும் பிள்ளையையுமே குறித்தது. பெண்களையும் உள்ளடக்கும் வகையில் அது மாற்றப்பட்ட ஆண்டு 2023.

இச்சொற்களுக்கும் களத்து உண்மைக்கும் இடையிலான தொலைவை 1991 பிப்ரவரி 25 காட்டியது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் மாண்டனர். அவர்களில் 13 பேர், மேற்குப் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க் நகரைத் தளமாகக் கொண்ட 14ஆம் தளவாடப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தப் பிரிவின் வேலை குடிநீர்ச் சுத்திகரிப்பு. அதன் 13 பேரில் இருவர் பெண்கள். நேரடிப் போரிடும் பணிகளுக்குப் பெண்கள் எடுக்கப்படாத காலத்தில், களத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற இடத்தில் அவர்கள் உயிர் நீத்தார்கள். மன்மத்தில் மேரி ஹேஸ் சுமந்த தண்ணீரையும் தஹ்ரானில் இவர்கள் சுத்திகரிக்கச் சென்ற தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால், பின்வரிசைப் பணி என்று ஒதுக்குவது எவ்வளவு பிழையானது என்பது புலனாகும்.

இத்தகைய பலகைகள் இருவகைப்படும். புளோரிடாவில், பெண் முன்னாள் படைவீரர் என்று பொறித்த பலகையைப் பெற, படையிலிருந்து விடுவிக்கப்பட்டமைக்கான பணிச் சான்றைக் காட்ட வேண்டும். ஆகவே அது வண்டியின் உரிமையாளரே படைவீரர் என்பதை அடையாளப்படுத்துகிறது. பென்சில்வேனியாவின் பலகையை எவரும் வாங்கலாம். கட்டணத்தில் ஒரு பகுதி மாநில முன்னாள் படைவீரர் அறக்கட்டளை நிதியைச் சேர்ந்து, பெண் படைவீரர்களுக்கான உதவிகளுக்குப் பயன்படுகிறது. முன்னது சான்று, பின்னது நன்றி. பொதுவான படைவீரர் பலகை பூட்டிய வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கும்போது, அவருடைய கணவரின் பணிக்கு நன்றி சொல்லப்படுவது பெண் படைவீரர்கள் பலரும் முறையிடும் அனுபவமாதலால், சான்றாகும் பலகைக்குத் தேவை இருக்கிறது. படையில் சேராத மகனோ பேத்தியோ தம் குடும்பத்துப் பெண்ணின் பணியைச் சாலையில் அறிவிக்க விரும்புவதால், நன்றியாகும் பலகைக்கும் தேவை இருக்கிறது. மருத்துவ உதவி, வீட்டு வசதி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குத் தகடு ஈடாகாது என்பது மெய்யே. எனினும் தம்மைப் படைவீரர் என்று பிறர் ஏற்காத இடத்தில், அந்த உதவிகளைக் கேட்கப் பெண்களுக்கு நாவெழுவதில்லை.

பென்சில்வேனியாவில் எண் பலகை வண்டியின் பின்புறத்தில் மட்டுமே பூட்டப்படுகிறது. பன்னிரண்டு அங்குல நீளமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட அத்தகட்டை ஓட்டுபவர் பார்ப்பதில்லை. சிவப்பு விளக்குக்காகப் பின்னால் வந்து நிற்பவரே படிக்கிறார். விளக்கு மாறுவதற்குள், 1822இல் ஒரு சட்டமன்றம் செய்த திருத்தத்தை அவரும் தம் மனத்தில் செய்துகொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

அடுத்த வாரம்: போரில் உறவை இழந்தோருக்கான தங்க நட்சத்திரக் குடும்பப் பலகை.